தூய ஆகார நிலையத்தில் கழிவு பெறும் வழிகள்

நுவரெலியாவில் தூய ஆகார நிலையம் என்று ஒரு கடை இருந்தது. கடை என்று சொன்னால் அங்கே இருந்தவர்களுக்குக் கோபம் வரும். நிலையம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே யாரும் சாமான் விற்கவில்லை, வழங்கினார்கள். அங்கே விலையே கிடையாது, பங்களிப்புத்தான் உண்டு. பங்களிப்பு எவ்வளவு என்பதை ஒரு சின்ன அட்டையில் முத்து முத்தான எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதை வாசித்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர்கள் உண்டு. அந்த இடத்தில் காசை மிச்சம் பிடிக்க ஒரே நல்ல வழி, அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருப்பதுதான். லோரன்சுக்கு அந்த வழி அடைபட்டுப் போயிருந்தது.

லோரன்ஸ் வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அதிர்ந்து பேசமாட்டான். படித்தவர்கள் எதைச் சொன்னாலும் அதில் ஏதோ விசயம் இருக்கும், நம் மரமண்டைக்குத்தான் ஏறவில்லை என்று நம்புகிற அப்பாவி. அவன் மனைவி சுகிர்தம் அந்த ரகம் இல்லை. கொழுந்து மலையில் அவள் வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். கங்காணிமார்கூட அவளிடம் பேச்சை அளந்துதான் பேசுவார்கள்.

எண்பத்திரண்டாம் வருசம் பிறந்ததும் பிறக்காததுமாக, வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று அவள் பாதத்தில் ஏறிவிட்டது. மஞ்சளை அரைத்துப் பூசினாள், எண்ணெய்த் துணியைக் கட்டினாள், அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். புண் ஆறுவதாக இல்லை. கடைசியில் லோரன்சைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து டாக்டரிடம் போனாள். அவர் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சீனி வியாதி என்றார்.

"கோதும மா ரொட்டி தொடக் கூடாது. வெள்ளையரிசி கூடாது. குரக்கன் சாப்பிடணும், மருந்து ஒழுங்காப் போடணும். இந்தப் புண்ணு காயாட்டி கண்டிக்கு அனுப்பிக் கால எடுத்துருவாங்க."

"கால எடுத்துட்டா மலையேறிக் கொழுந்து பறிக்கிறது யாருங்க, நீங்களா?" என்று சுகிர்தம் கேட்டாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வழியெல்லாம் அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் வந்ததுதான் லோரன்சை உலுக்கிவிட்டது.

அவன் அடுத்த நாளே ஹட்டனுக்குப் போய் மர்சூக் நானாவின் பலசரக்குக் கடையில் குரக்கன், அதாவது கேழ்வரகு, கேட்டான். மர்சூக் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"குரக்கனா? அட போங்க லோரன்சு. அத இப்ப நம்ம மாதிரி ஆளு கண்ணால பாக்க முடியுமா? முன்னெல்லாம் வலப்பனையிலேர்ந்து மூட்ட மூட்டையா வரும், கோழிக்குப் போடக்கூட வாங்கிட்டுப் போவாங்க. இப்ப நுவரெலியாவுல ஒரு சங்கம் அம்புட்டையும் வழியிலயே அள்ளிருது. வெதைக்கிறப்பவே காசு குடுத்து வளைச்சுப் போட்டுட்டாங்க."

"சங்கத்துக்கு எதுக்கு நானா குரக்கன்?"

"திங்கத்தான்."

"யாரு திங்க?"

"பங்களாக்காரங்க."

லோரன்ஸ் அவர் பகிடி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தான். குரக்கனைப் பற்றித் தோட்டத்து லயன் வீடுகளில், லயத்தில், யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபத்து நாலில் கூப்பன் அரிசியும் மாவும் அடியோடு குறைந்து, தோட்டம் தோட்டமாகச் சனங்கள் சுருண்டு விழுந்தபோது, குரக்கன் கஞ்சியும் மரவள்ளிக்கிழங்கும் வடிகானோரத்துக் கீரையும்தான் கிடைத்தது. அதுவும் எல்லா நாளும் கிடைக்கவில்லை. பஞ்சம் முடிந்த பிறகு லயத்துக்காரர்கள் குரக்கனின் முகத்திலேயே முழிக்க விரும்பவில்லை. அந்தச் சனியனைத்தான் இப்போது பங்களாக்காரர்கள் காசு கொடுத்துத் தின்கிறார்களாம். எப்படி நம்புவான்?

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினான்.

அந்தச் சங்கம் நடத்திய தூய ஆகார நிலையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். லோரன்ஸ் செருப்பே போட்டிருக்கவில்லை. செருப்பில்லாமல் வருகிறவனை என்ன செய்வது என்று சங்கத்தின் விதிகளில் இல்லாததால், காவல்காரன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, காலை ரெண்டு தரம் கழுவச் சொன்னான். உள்ளே போனால் துளசி மிதக்கிற தண்ணீரில் கையை நனைக்க வேண்டும். பிறகு மணி அடித்தார்கள். மணி அடித்தால் எல்லோரும் கண்ணை மூடி மண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். லோரன்ஸ் கண்ணை மூடி ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்துத் திறந்து பார்த்தான். பட்டுச் சேலைக்காரப் பெண்கள் இன்னும் மண்ணுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் நகக்கண்ணிலாவது மண் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை.

முட்டைக்கோசு என்கிற கோவாக்களை ரெண்டு குவியலாக வைத்திருந்தார்கள். ஒன்று பூச்சி அரித்தது, மற்றது அரிக்காதது. அரித்ததுக்குத்தான் பங்களிப்புக் கூட. பூச்சியே தின்றிருக்கிறதென்றால் மருந்தடிக்கவில்லை என்று அத்தாட்சியாம். ஓட்டை கூடக் கூடக் காசும் கூடியது. சல்லடை மாதிரி இருந்த ஒரு கோவாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

குரக்கன் மா குஞ்சம் வைத்த சின்னத் துணிப்பைகளில், சிவப்பு ரிப்பன் கட்டி, பூப்போட்ட விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. லோரன்ஸ் அட்டையை வாசித்தான். ஒரு நாள் முழுக்கக் கவ்வாத்து வெட்டினால் தோட்டத்தில் விழுகிற முழுப் பேர், அதாவது ஒரு முழுநாள் சம்பளத்தைக் கொடுத்தால் ஒரு பை வரும். அதில் ஒரு ஆள் ரெண்டு வேளை தின்னலாம்.

காசு வாங்குகிற இடத்தில் செரீபா என்று ஒரு பெண் இருந்தாள். நுவரெலியா டவுன் பிள்ளை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, அங்கத்தவராச் சேந்தா வெலையில கழிவு இருக்கு. எல்லா வழியிலயும் கழிவு எடுத்தா பாதிக்குப் பாதி கொறையும்னு தலைவர் சொல்றாரு."

"யாராச்சும் எடுத்துருக்காங்களா தங்கச்சி?"

செரீபா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "நான் வந்து ஆறு மாசந்தாண்ணே ஆவுது," என்றாள்.

அங்கத்தவராகச் சேர ஒரு தனிக் காசு. அதைக் கட்டினால் தலைவரைப் பார்க்கலாம். தலைவர் அமிர்தநாதன் அரசாங்கத்தில் உர ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் பெரிய கங்காணி. முப்பது வருசமாக ஜீப்பில் ஏறி மலைநாடெல்லாம் போய், உரம் போடு, மருந்தடி, போடாதவன் மடையன் என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவர், பென்சன் வந்த மறுமாசமே இந்தச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

"உரத்தின் கேடு வேறு யாரையும்விட எனக்குத்தான் தெரியும்," என்று அவர் லோரன்சிடம் சொன்னார். "ஏனென்றால் அதைப் போடச் சொன்னவனே நான்தான். அந்த அனுபவத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் இங்கே பங்களிப்புச் செய்கிறீர்கள்."

லோரன்ஸ் தலையை ஆட்டினான். பெரிய மனிதர், தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்கிறாரே என்று அவனுக்கு மரியாதை வந்தது. தப்பைச் செய்ததற்கும் கூலி, ஒத்துக்கொள்வதற்கும் கூலி என்று சுகிர்தமாக இருந்தால் அந்த இடத்திலேயே கேட்டிருப்பாள்.

முதல் வழி, சொந்தப் பாத்திரம் கொண்டு வருவது. அடுத்த வாரம் லோரன்ஸ் பால்மாத் தகரம் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுபோனான். சங்கத்தின் பொருளாளர் பவுலின் அலோசியஸ் அம்மையார் அதை ரெண்டு விரலால் தூக்கி முகர்ந்து பார்த்தார். அவர் புருசன் நுவரெலியாவில் ஒரு பெரிய பங்களாவுக்குச் சொந்தக்காரர். அம்மையார் மூச்சு விடுவதே ஒரு உபகாரம் மாதிரி இருக்கும்.

"தகரம் தானியத்தோட உயிரைக் கொன்னுடும்," என்றார். "மண்பானைதான் கொண்டு வரணும்."

"மண்பானைக்கு நான் எங்கம்மா போவேன்?"

"இங்கயே இருக்கே."

இருந்தது. கழிவை வாங்க அவன் கொடுத்த பானைக் காசில் அஞ்சாறு கழிவு அடங்கும். போகட்டும், பானை வருசக் கணக்கில் இருக்குமே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மாவை அதில் வாங்கி, பிள்ளையைத் தூக்குவது மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். நானுஓயாவைத் தாண்டி ஒரு வளைவில் எவனோ வைத்திருந்த லீக்ஸ் மூட்டை சரிந்து பானையின் மேல் விழுந்தது. லோரன்ஸ் பஸ்ஸின் தரையில் முட்டி போட்டு மாவைக் கூட்டி அள்ளினான். கொண்டக்டர் அவனைத் திட்டினான். சனங்கள் அவனைத் தாண்டிக்கொண்டு இறங்கினார்கள்.

சுகிர்தம் அந்த மாவைச் சலித்துவிட்டு, சல்லடையில் தங்கியதைப் புருசனுக்குக் காட்டினாள். பீடித்துண்டு, டிக்கெட், ஓட்டுத்துண்டு, யாருடையதோ ஒரு சட்டைப் பொத்தான்.

"ரொம்பத் தூய்மையாத்தான் இருக்கு," என்றாள்.

"நான் என்னா செய்ய, தெரியாமத்தானே விழுந்துச்சு."

"ஒங்களச் சொல்லல. மாவு வாங்கப் போன மனுசன பான வாங்க வச்சானுங்களே, அவனுங்க வாயில மண்ணு விழ."

ரெண்டாவது வழி, சங்கத்தின் சொற்பொழிவுக்குப் போவது. போனால் ஒரு சீட்டுத் தருவார்கள், அதற்கு ஒரு கழிவு. அந்த மாதத் தலைப்பு: 'ஏழைகள் சிக்கனமாக உண்பது எப்படி?' கேட்க வந்தவர்களில் ஏழை என்று சொல்ல லோரன்ஸ் ஒருவன்தான். அவனுக்கு உட்கார இடம் இல்லாததால் கதவோரம் நின்றான். அமிர்தநாதன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"அன்பர்களே! உணவில் சிக்கனம் என்பது குறைவாக வாங்குவதல்ல, குறைவாக உண்பது. இந்த இரகசியத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு தொப்பை வயிற்றை நீங்கள் பார்த்ததுண்டா? அவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? இயற்கை! ஆனால் அண்மைக்காலமாக அவர்களும் ரொட்டியும் சோறும் வயிறு நிறையத் தின்னத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்படும்போது என் நெஞ்சு பதறுகிறது."

எல்லோருடைய நெஞ்சும் பதறியது. பிறகு கேள்வி கேட்கலாம் என்றார்கள். லோரன்ஸ் கையைத் தூக்கினான்.

"ஐயா, குரக்கன் முன்ன மாதிரி ஹட்டன் கடையிலயும் கெடைச்சா, வெலையும் கொறையும், எங்களுக்கும்..."

"நல்ல கேள்வி," என்று அமிர்தநாதன் சிரித்தார். "விலை குறைந்தால் மதிப்புக் குறையும். மதிப்புக் குறைந்தால் மரியாதையோடு மெல்லமாட்டீர்கள். மெல்லாவிட்டால் சத்து உடம்பில் சேராது. ஆகவே நாங்கள் பங்களிப்பை உயர்த்துவதே உங்களுக்குச் சத்துச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். இதனால் சங்கத்துக்கு வருகிற இலாபத்தை நாங்கள் ஒரு சுமையாகத்தான் தாங்குகிறோம்."

கைதட்டல் அடங்க நேரமானது. பிறகு ஏழைகளின் சிக்கனத்தைப் பற்றிக் கேட்டுக் களைத்தவர்களுக்குக் கேக்கும் பால்தேத்தண்ணியும் கொடுத்தார்கள். கேக்கு வெள்ளை மாவில் செய்தது.

மூன்றாவது வழி, சேவை. சங்கத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் அங்கே மண்ணோடு உறவாடினால் பெரிய கழிவு. லோரன்சுக்கு முகம் மலர்ந்தது. மண்வெட்டி பிடிப்பதுதானே, அதற்கு நம்மைவிட்டால் யார் என்று போனான்.

பங்களா அம்மாமார் ஏழெட்டுப் பேர் கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி ஒரு புல்லைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், அவள் புருசன் படம் எடுத்தான். இன்னொருத்தி மண்புழுவைப் பார்த்துக் கத்திவிட்டு, பிறகு அதனிடம் மன்னிப்புக் கேட்டாள். லோரன்ஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவர்கள் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் தோட்டம் முழுவதையும் கொத்தி, புல்லை வாரி, பாத்தி கட்டிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு செரீபாவிடம் வந்து கழிவுச் சீட்டுக் கேட்டான். பவுலின் அம்மையார் குறுக்கே வந்தார்.

"உங்களுக்குத் தர முடியாது."

"ஏம்மா, முழுசாக் கொத்திட்டேனே."

"அதுதான் பிரச்சினை. நீங்க வேலை செஞ்சிருக்கீங்க. நாங்க கேட்டது சேவை."

லோரன்சுக்கு விளங்கவில்லை. அம்மையார் பொறுமையாக விளக்கினார். வேலை செய்து பழக்கமில்லாத ஒருவர் செய்தால்தான் அது சேவை. வேலைக்காரன் செய்தால் அது வேலை. வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டிவரும், சங்கத்துக்குக் கூலிக்கு ஆள் வைக்கிற வழக்கம் இல்லை. அதுவுமில்லாமல் மற்றவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவாட ஒரு புல்லுகூட மிச்சம் வைக்காமல் பிடுங்கிவிட்டான், அதற்கு அவன்மீது அபராதம் போடாமல் விடுவதே பெரிய தயவு.

"தோட்டத்துல கொறைஞ்சாலும் அரைப் பேராச்சும் போடுவாங்கம்மா," என்றான் லோரன்ஸ். அவன் வாழ்க்கையில் ஒரு மேலிடத்தை எதிர்த்துப் பேசியது அதுதான். அம்மையார் அதைக் கேட்காத மாதிரி துளசித் தண்ணீரில் கையைக் கழுவினார்.

இதற்கிடையில் சுகிர்தத்தின் கால் ஊதி, செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது. ஒரு பை குரக்கனை அவள் ஒரு வாரத்துக்கு இழுத்தாள், மற்ற நேரமெல்லாம் அவனுக்குத் தெரியாமல் கோதுமை மா ரொட்டியைத்தான் தின்றாள். வேலைக்குப் போகாவிட்டால் அந்த ஒரு பையும் இல்லை, போனால் கால் இல்லை. டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், பிறகு கண்டிதான் என்றார். லோரன்ஸ் லயத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதான். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி நிலையத்துக்குப் போனான், வேறு எங்கே போவான்?

அன்றைக்கு அமிர்தநாதனே அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சித்திரை மாதம் கொழும்பிலிருந்து பெரிய ஆட்களெல்லாம் குளிருக்கு வருகிற காலம். சங்கம் ஒரு விழா வைத்திருந்தது. பேர்: 'பஞ்சகால விருந்து. எமது முன்னோர் உண்டவாறே.'

"எழுபத்து நாலில் தோட்டத்தில் என்ன சாப்பிட்டீர்களோ அதைச் சமைத்துப் பரிமாற ஓர் உண்மையான குடும்பம் வேண்டும். நீங்களும் மனைவியும் வந்தால் ஒரு வருசத்துக்குப் பாதிப் பங்களிப்பில் குரக்கன்."

லோரன்ஸ் ஓட்டமாக ஓடிவந்து சொன்னான். சுகிர்தம் அடுப்பில் இருந்த கேத்தலை இறக்கி வைத்தாள்.

"பஞ்சத்த விருந்து வைக்கிறானுங்களா?"

"ஆமா. வர்றவங்ககிட்ட தலைக்கு ஒரு பெரிய நோட்டு வாங்குறாங்களாம்."

"சரி, போவோம்," என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் லோரன்சுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நிலையத்தின் புல்வெளியில் ஒரு லயத்தைக் கட்டியிருந்தார்கள். புதுத் தகரம் வாங்கி, துருப்பிடித்த மாதிரி சாயம் பூசியிருந்தார்கள். சொந்த லயத்துக் கூரை ஒழுகுகிறது, ரெண்டு தகரம் தாருங்கள் என்று வருசக் கணக்கில் தோட்டத்துத் தொரையிடம் கேட்டுக்கொண்டிருந்த லோரன்ஸ் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அமிர்தநாதன் சுகிர்தத்தை மேலும் கீழும் பார்த்தார். காலில் இருந்த கட்டைப் பார்த்ததும் அவர் முகம் பிரகாசமானது.

"அந்தக் கட்டை மறைக்க வேண்டாம், மிகவும் பொருத்தமாக இருக்கிறது. சமையலில் எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தக் காலத்தில் எப்படியோ அப்படியே. உண்மை பிசகக் கூடாது."

"பிசகாதுங்க," என்றாள் சுகிர்தம். "அந்தப் பாதி வெலைய எழுதித் தருவீங்களா?"

"நாங்கள் நம்பிக்கையில் நடக்கிற சங்கம், அம்மா."

"அப்ப சரிங்க."

வலப்பனையிலிருந்து வந்த முழு மூட்டை ஒன்றைத் திரித்து வைத்திருந்தார்கள். செரீபா அதைக் காட்டிவிட்டு, நிறையப் பேர் வருகிறார்கள், போதாவிட்டால் சொல்லுங்கள் என்றாள். சுகிர்தம் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, மூட்டையைப் பிரித்து, ஒரு சின்னத் தகரப் பேணியால் அளந்து கொஞ்சம் மாவைக் கரைத்து ஊற்றினாள். பிறகு மூட்டையை இறுகக் கட்டிவிட்டாள். லோரன்ஸ் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். அடி தெரிந்தது.

"என்னா புள்ள இது, தண்ணியா இருக்கு?"

"அப்ப எப்படி இருந்துச்சு?"

லோரன்ஸ் யோசித்தான். "இப்படித்தான்."

"பெறகு என்னா?"

கொழும்பு விருந்தாளிகள் புல்லில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். மணி அடித்தது, மண்ணுக்கு நன்றி சொன்னார்கள். சுகிர்தம் நொண்டி நொண்டி வந்து ஆளுக்கு அரைச் சிரட்டை கஞ்சி ஊற்றினாள். விரல் நீளத்தில் ஒரு துண்டு மரவள்ளி வைத்தாள். உள்ளங்கையில் நாலு மணி சீனி வைத்து, பாலில்லாத சாயத்தண்ணி கொடுத்தாள். எல்லோரும் ஆகா என்றார்கள். பவுலின் அம்மையார் முதலில் குடித்து முடித்துச் சிரட்டையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

"அவ்வளவுதாம்மா. இனி நாளைக்குத்தான்."

அம்மையார் சிரித்தார். சுகிர்தம் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கொழும்புச் சீமாட்டி ஒருத்தி ஆசையாகக் கேட்டாள்: "சின்னப் பிள்ளைகளுக்கும் இதேதான் கொடுத்தீங்களா?"

"இதேதாங்க. மூத்தவ எப்படியோ தாக்குப் பிடிச்சா. சின்னவன் செத்துப்போனான். ரெண்டு வயசு."

லோரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் வீட்டிலேயே பேசுவதில்லை. அமிர்தநாதன்தான் சமாளித்தார்.

"வருத்தம்தான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒருவருக்காவது சீனி வியாதி இருந்ததா?"

இல்லை என்று சுகிர்தம் சொன்னாள். அதை விருந்தாளிகள் வியப்போடு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் வியப்பு வயிற்றை நிரப்பாது. கொஞ்ச நேரத்தில் பாய்களில் முணுமுணுப்புத் தொடங்கியது. மத்தியானம் ஒன்றும் தின்னாமல் வந்திருக்கிறோம் என்றார் ஒருவர். பிள்ளை அழுகிறது என்றாள் ஒருத்தி. ஒரு தொப்பைக்காரர் எழுந்து நின்று, இவ்வளவு காசை வாங்கிக்கொண்டு வெந்நீர் ஊற்றுகிறீர்களா, காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். காசு என்ற சொல்லைக் கேட்டதும் அமிர்தநாதன் பாய்ந்து மேடையில் ஏறினார்.

"அன்பர்களே! அமைதி! ஒரு மூட்டை, முழுதாக ஒரு மூட்டைக் குரக்கன் இன்று உங்களுக்காகச் சமைக்கப்பட்டது! ஒரு பிடிகூடச் சங்கம் மிச்சம் பிடிக்கவில்லை. அத்தனையும் உங்கள் வயிற்றில்தான் இருக்கிறது. தூய உணவு வயிற்றில் பாரமாக உட்காராது, அதனால் பசிப்பது போல இருக்கும். அது பசியல்ல, தூய்மை! இதைத் தலைவர் என்ற முறையில் நான் சத்தியம் செய்து சொல்கிறேன்!"

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. தொப்பைக்காரர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பசியா தூய்மையா என்று தெரியாமல் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து சுகிர்தம் போலி லயத்துக்குள்ளிருந்து மூட்டையை இழுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் வந்தாள். தோட்டத்தில் அந்தோனியார் திருநாளுக்குச் சமைத்தாலும் சரி, கலியாணத்துக்குச் சமைத்தாலும் சரி, மிஞ்சினது சமைத்தவளுக்கு. அது யாரும் கேட்டு வாங்குகிற விசயமில்லை, முந்தானையில் கட்டிக்கொண்டு போகிற விசயம். இன்றைக்குத்தான் முந்தானை போதவில்லை.

"ஐயா," என்று மேடையைப் பார்த்துக் கேட்டாள், கடைசிப் பாய் வரைக்கும் கேட்கிற குரலில், "சமையலு முடிஞ்சுச்சு, நாங்க கெளம்புறோம். இந்த மூட்ட யாரோடதுங்க?"

எல்லோரும் மூட்டையைப் பார்த்தார்கள். பிறகு அமிர்தநாதனைப் பார்த்தார்கள். பவுலின் அம்மையார் எழுந்தார், அமிர்தநாதனின் கண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். செரீபா குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடினாள், தோள் குலுங்கியது.

"அது... அது உங்களுடைய மூட்டைதானே, அம்மா," என்றார் அமிர்தநாதன். "நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான் அல்லவா?"

"எங்களோடதுங்களா?"

"உங்களுடையதுதான்! உங்களுடையதுதான்! தாமதிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்."

"என்னா இருக்குன்னு பிரிச்சுக் காட்டவாங்க?"

"வேண்டாம்!" என்று தலைவர் அலறிவிட்டார்.

லோரன்ஸ் மூட்டையைத் தலையில் ஏற்றினான். சுகிர்தம் முன்னால் நொண்டிக்கொண்டு போனாள். காவல்காரனுக்கு விசயம் விளங்காமல் குறுக்கே வந்தபோது, அமிர்தநாதனே மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு, "இனி இந்தப் பக்கம் வரவே கூடாது," என்றார்.

"எதுக்குங்க வர்றோம்," என்றாள் சுகிர்தம். "வருசத்துக்குப் போதும்."

பஸ் நிலையம் வரைக்கும் லோரன்ஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். மூட்டையை இறக்கி வைத்த பிறகும் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இது களவு இல்லியா, சுகிர்தம்?"

அவள் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டி வைத்துக்கொண்டாள். மூட்டையைத் தட்டிப் பார்த்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"எட்டு வருசம் பிந்தி வந்துருக்கு," என்றாள். "தூக்குங்க, ஹட்டன் பஸ்ஸு வந்துருச்சு."